தண்ணி தொட்டதே இல்லை, ஈரலில் கொழுப்பு கிரேடு 2 என்கிறார்கள். எப்படிங்க?

அவிநாசி வாசி எழுதியது:

வணக்கமுங்க. வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. விசேஷ வீட்டில் மச்சான்மார் எல்லாம் மொட்டை மாடிக்குப் போகும் நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற ஆள் நான்.

போன வாரம் இன்சூரன்சுக்காக எல்லோருக்கும் பரிசோதனை வைத்தார்கள். வயிற்று ஸ்கேன் எடுத்த புள்ள, ஜெல்லைத் துடைக்கச் சொல்லித் துணியைக் கொடுத்துக்கொண்டே, "டிரிங்க்ஸ் பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’. வீட்டில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக என் சட்டையை மோந்து பார்க்கிறாள்.

எண்கள் இதோ: எடை 78 கிலோ, உயரம் 168 செ.மீ., ஈரல் நொதிகள் எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 81, பிலிருபின் 0.8, பிளேட்லெட் 2.1 லட்சம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1, ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 240.

ரிப்போர்ட்டைப் பார்த்தவர் "இப்பெல்லாம் எல்லோருக்கும் இருக்கிறதுதான், எண்ணெயைக் குறைங்க, வலி வந்தா வாங்க" என்று அனுப்பிவிட்டார். வலி ஒன்றும் இல்லை. பயப்படணுமா, விட்டுவிடலாமா?

பொள்ளாச்சி லேப்காரி எழுதியது:

தம்பி, அந்தப் புள்ளையைக் கோபிக்காதீங்க. ஸ்கேனில் ஈரல் வெள்ளையாகத் தெரிவது குடித்து வந்த கொழுப்புக்கும் ஒன்றுதான், பன் தின்று வந்த கொழுப்புக்கும் ஒன்றுதான். படத்தை வைத்துப் பிரிக்க முடியாது, கேட்டுத்தான் ஆகணும்.

"வலி வந்தா வாங்க" என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஈரலின் சதைக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் உணர்ச்சி. வேகமாக வீங்கி உறை இழுபட்டால் வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்றரைக் கிலோ பக்கம் எடையுள்ள உறுப்பு, பாதி கெட்டாலும் மீதியை வைத்து வேலையை ஓட்டிவிடும். பதினெட்டு வருஷமாக லேப் வைத்திருக்கிறேன். ஈரல் வலிக்கிறது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு கேஸ் தொந்தரவு. ஈரல் நிஜமாகவே கெட்டவர்கள் கால் வீக்கத்துக்கோ சர்க்கரைக்கோ டெஸ்ட் கொடுக்க வந்தவர்கள்.

ஈரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் கொழுப்பு ஈரல். குடிக்காதவர்களுக்கு வருவதற்கு முன்னெல்லாம் ‘மதுசாராத’ என்று முன்னொட்டுப் போட்டுப் பெயர் இருந்தது. 2023இல் பெயரையே மாற்றிவிட்டார்கள். இப்போதைய பெயரில் வளர்சிதைமாற்றக் கோளாறு என்பதுதான் முன்னால் நிற்கிறது. அதாவது சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு, பிரஷர் எல்லாம் ஒரே குடும்பம். உங்கள் எண்களைப் பார்த்தால் பங்காளிகள் பாதிப் பேர் ஏற்கனவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு வாயில் போகிறதை எல்லாம் ஒளிக்காமல் எழுதுங்க பார்க்கலாம். அப்புறம் இடுப்பை டேப் வைத்து தொப்புள் மட்டத்தில் அளந்து சொல்லுங்க. பேண்ட் சைஸ் வேண்டாம், அது பொய் சொல்லும்.

அவிநாசி வாசி எழுதியது:

இடுப்பு 98 செ.மீ. வருதுங்க அக்கா.

காலை 5.30 டீ. 8 மணிக்கு இட்லி ஐந்து. 10.30க்கு கம்பெனி டீ, கூடவே தேங்காய் பன். மதியம் சாதம், குழம்பு, ரசம், மோர் (சாதம் மூன்று தடவை போடுவார்கள்). 4 மணிக்கு டீ, பப்ஸ் இல்லை என்றால் போண்டா. ஓவர்டைம் இருந்தால் 7க்கு இன்னொரு டீ. வீட்டுக்கு வரும் வழியில் பேக்கரியில் கூட்டாளிகளோடு ஒரு டீ. ராத்திரி 9.30, 10 மணிக்குத் தோசையோ பரோட்டாவோ. படுக்கும்போது பால், சர்க்கரை போட்டு.

எழுதின பிறகு எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

பொள்ளாச்சி லேப்காரி எழுதியது:

ஐந்து டீ, ஒரு பால். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பன்னிரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 முதல் 5 கிராம். பன்னுக்கு முன்பே 50 கிராம் பக்கம் வந்தாச்சு. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் இருக்கணும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதை உடம்பில் மற்ற இடங்கள் பெரிதாகத் தொடுவதில்லை, ஈரல் தலையில்தான் வந்து விழும். செலவு போக மிச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். நீங்கள் எண்ணெயைக் குறைத்தாலும் இது நிற்காது. கோயமுத்தூர், திருப்பூரில் தெருவுக்கு இரண்டு பேக்கரி. டாஸ்மாக்கைத் திட்டுகிற நாம் பேக்கரியை ஒரு வார்த்தை சொல்கிறோமா?

இந்தியர்களுக்கு இடுப்பு அளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கணும். ஒல்லியாக இருக்கிறோம் என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்தவர்களுக்கும் இது வருகிறது.

மஞ்சமண்டி எழுதியது:

இத்தனை கணக்கு எதுக்குங்க? ஈரோட்டில் பிறந்துவிட்டு மஞ்சளை மறந்து பேசுகிறீர்கள். காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் தூள், மிளகுத் தூள் வெந்நீரில். வாரம் இரண்டு நாள் கீழாநெல்லி அரைத்து மோரில். எங்கள் அப்பாரு 91 வயது வரை ஈரல், மண்ணீரல் என்ற பேச்சே எடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள், காசு வராதே.

கவுந்தப்பாடி மாப்ள எழுதியது:

அப்பாரு மஞ்சள் குடித்ததோடு ஏர் ஓட்டியிருப்பாருங்க. கம்மங்கூழ் குடித்திருப்பாரு. நாம் ஸ்கூட்டரில் போய் மஞ்சள் வாங்கிக் குடிக்கிறோம்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மஞ்சமண்டித் தம்பிக்குப் பதில் சொல்லியே ஆகணும், கோபமில்லாமல்.

சமையலில் போடும் மஞ்சள் யாருக்கும் கெடுதல் செய்யாது. சிக்கல் வருவது மாத்திரை, கேப்சூல் வடிவில் செறிவாக்கி விற்பதில். மிளகின் சாறு சேர்த்தால் மஞ்சளில் உள்ள குர்குமின் பல மடங்கு உடம்பில் ஏறும், அதற்காகவே சேர்க்கிறார்கள். 2022இல் அமெரிக்க ஆய்வு ஒன்று மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி வந்தது. ஒருவர் இறந்தே போனார். அவர்களில் ஏழு பேருக்குக் குறிப்பிட்ட ஒரு மரபணு அமைப்பு இருந்தது. யாருக்கு அது இருக்கிறது என்று நெற்றியில் எழுதியிருக்காது. சீந்தில் கொடியும் அப்படித்தான். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று கண்டபடி குடித்து, காமாலையோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, உண்மைதான். ஆனால் அடுத்த வருஷமே பல ஊர்களைச் சேர்ந்த 43 நோயாளிகளைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது.

கீழாநெல்லி கதை இன்னும் சுவாரசியம். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில், அது ஹெபடைடிஸ் பி கிருமியை விரட்டுகிறது என்று எழுதினார்கள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னே கிராமத்தில் எப்படிக் குணமாகிறது? தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் யார் எந்தத் தழையைக் கொடுத்தார்களோ அவருக்குப் பெயர்.

தானாக ஆறாத காமாலைதான் ஆளைக் கொல்லும். பித்தக் குழாயில் கல் அடைத்தது, கட்டி அடைத்தது, எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரையால் வந்தது. எல்லாமே கண்ணில் ஒரே மஞ்சள்தான். வயிற்றில் சூட்டுக்கோல் வைத்த தழும்போடு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து ஆறு வாரமாகிறதாம், உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து கோடு. குழாய் அடைப்பு. முதல் வாரமே வந்திருந்தால் பேச்சே வேறு. கண் மஞ்சள் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஹெபடைடிஸ் ஈ அவர்களைப் படுத்தும் பாடு நான் கண்ணால் பார்த்தது.

மஞ்சமண்டி எழுதியது:

கேப்சூலை நானும் ஆதரிக்கவில்லை. என் மண்டியில் கிழங்கு மட்டும்தான் விற்கிறேன். மிளகு கலந்து தினமும் குடிப்பதைப் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. கீழாநெல்லியை விட்டுக்கொடுக்க மனசில்லை, பார்க்கலாம்.

கோபி அம்மணி எழுதியது:

குறுக்கே கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. பையன் பிளஸ் ஒன், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் படிக்கிறான். போன தீபாவளிக்கு வந்ததிலிருந்து பத்துக் கிலோ ஏறியிருக்கிறான். கழுத்தைச் சுற்றிக் கருப்பாக, வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கன் நார் போட்டுத் தேய்த்தேன், பயத்தமாவு போட்டேன், தோல் சிவந்ததுதான் மிச்சம். ‘போதும்மா, ஹாஸ்டலில் எல்லாப் பசங்களுக்கும் இருக்கு’ என்கிறான். இதற்கும் ஈரலுக்கும் சம்பந்தம் உண்டா?

பொள்ளாச்சி லேப்காரி எழுதியது:

உண்டுங்க அம்மணி. தேய்ப்பதை நிறுத்துங்க, பாவம். அது அழுக்கில்லை. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது கழுத்து மடிப்பு, அக்குள் இங்கெல்லாம் தோல் அப்படித் தடித்துக் கருக்கும். கொழுப்பு ஈரலுக்கும் அதே இன்சுலின் கோளாறுதான் வேர். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எஸ்.ஜி.பி.டி., கொழுப்பு மூன்றும் பார்த்து ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க. அந்த வயதில் எடை இறங்கினால் கழுத்தும் தெளியும், ஈரலும் தெளியும். ஹாஸ்டல் கேன்டீனில் கூல் டிரிங்க்ஸ் விற்கிறார்களா என்று மட்டும் பையனிடம் நைசாகக் கேளுங்க.

தென்னந்தோப்பு எழுதியது:

டாஸ்மாக் சரக்கு விஷம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கள் உணவு. 1987இல் தடை போட்டதிலிருந்துதான் நம் ஆட்கள் பிராந்திக்கு மாறி ஈரலைக் கெடுத்துக்கொண்டார்கள். கள்ளுக்கு அனுமதி கொடுத்தால் பாதி ஈரல் நோய் ஓடிவிடும்.

கவுந்தப்பாடி மாப்ள எழுதியது:

அண்ணா, கள் இறக்க அனுமதி கேட்பதில் நானும் உங்கள் பக்கம்தான், அது விவசாயி பிழைப்பு. ஆனால் ஈரலுக்கு அரசியல் தெரியாதுங்களே. கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கும். சுத்தச் சாராயமாகக் கணக்கிட்டால் சுமார் 60 கிராம். கள் காலையில் இறக்கியது மென்மை, நேரம் ஆக ஆகப் புளித்து ஏறும். 5 சதவீதம் என்றே வைத்தாலும் முக்கால் லிட்டரில் 30 கிராம். ஆக இரண்டு பாட்டில் கள் ஒரு குவார்ட்டர். 650 மில்லி பீர் 25 கிராம் சொச்சம். ஈரல் கிராமைத்தான் எண்ணும், மரத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று பார்க்காது.

தென்னந்தோப்பு எழுதியது:

கணக்கு சரி. நான் ஒரு சொம்போடு நிறுத்துகிற ஆள்.

கவுந்தப்பாடி மாப்ள எழுதியது:

சொம்பு சைஸ் சொல்லவே இல்லையே.

நெறியாளர்:

‘21 நாளில் ஈரல் சுத்தம், கூரியரில் அனுப்பப்படும்’ என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஈரலே உடம்பைச் சுத்தம் செய்கிற இடம், அதைச் சுத்தம் செய்ய யாருக்கும் போன் நம்பர் தேவையில்லை. விவாதம் தொடரட்டும்.

சென்னிமலைத் தறி எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அப்பா போன ஆடியில் தவறினார். 56 வயது. பெட்ஷீட் தறி. சாயங்காலம் தறி நிறுத்தினால் ஒரு குவார்ட்டர், முப்பது வருஷமாக. சண்டை போடுகிற குடி கிடையாது, குடித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அதனால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி வருஷம் தோள் எல்லாம் கரைந்து எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் முன்னால். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும். தொப்பை என்று கேலி செய்தோம். சாயங்காலம் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். தறியில் நாள் முழுக்க உட்கார்வதால் என்றார்கள். வயிறு தாம்பாளம் மாதிரி ஆன பிறகுதான் ஆஸ்பத்திரி போனோம். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, மகோதரம் என்றார்கள் ஊரில் பெரியவர்கள். அன்றோடு குடியை விட்டுவிட்டார், ஆனால் கடைசி மூன்று மாதம்தான் அது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பகலெல்லாம் தூங்குவார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தறிக்கொட்டகையைத் திறந்து உட்காருவார். ஒரு நாள் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடப் பார்க்கிறார், வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட விரல் அது. இழையின் இரண்டு நுனியையும் எதிரெதிரே பிடித்துக்கொண்டு, ஏதோ புதுப் பொருளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார் என்று அம்மா திட்டினாள். நானும்தான்.

அவர் குடிக்கவில்லை. அடுத்த வாரம் மலம் தார் மாதிரி போகிறது என்றார். சத்து மாத்திரை சாப்பிடுவதால் என்று விட்டோம். இரண்டாம் நாள் ராத்திரி ரத்த வாந்தி.

வார்டு சிஸ்டர் எழுதியது:

கண்ணு, முதலில் ஒன்று. அப்பா திருட்டுத்தனமாகக் குடிக்கவில்லை, நீ திட்டியது அறியாமல். குடலில் உண்டாகும் அமோனியா மாதிரி நச்சை ஈரல் வடிகட்ட முடியாதபோது மூளைக்குப் போகும். பகல் தூக்கம், ராத்திரி விழிப்பு, கையெழுத்துக் கோணுவது, பட்டன் போட வராதது, பேச்சுக் குழறுவது எல்லாம் அதன் ஆரம்பம். வெளியிலிருந்து பார்த்தால் போதை மாதிரியே இருக்கும். வார்டில் நாங்கள் இரண்டு கையையும் நீட்டி, வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்வோம். பிடித்து வைத்திருக்க முடியாமல் கை பொத்துப் பொத்தென்று விழும், குருவி சிறகடிக்கிற மாதிரி. அந்த நேரத்தில் மலச்சிக்கல் கூடவே கூடாது. லாக்டுலோஸ் சிரப் கொடுத்து நாளைக்கு இரண்டு மூன்று தடவை போக வைப்போம். தூங்கவில்லை என்று வீட்டில் தூக்க மாத்திரை கொடுத்துவிடுவார்கள், அது ஆளை ஒரேயடியாக அமுக்கிவிடும்.

ஈரல் கல்லாக இறுகிப்போனால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியே போக முடியாது. பக்க வழி தேடும், உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து நிற்கும். அது வெடிப்பதுதான் ரத்த வாந்தி, கருப்பு மலம். சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும்தான். ஆனால் தார் மாதிரி ஒட்டி, நாற்றம் குடலைப் பிடுங்கினால் அது ரத்தம். 108ஐக் கூப்பிடுங்க, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் எண்டோஸ்கோப்பியில் அந்த நாளத்துக்கு ரப்பர் வளையம் போட்டுவிட முடியும்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது தினமும் குடிக்கிறவர் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பேசுவது எல்லாம் வரலாம். டாக்டர் துணையோடு நிறுத்துங்க. 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

பத்தியமும் ஒரு பாவம். காமாலை, வயிற்றில் நீர் என்றாலே பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி ஊற்றுவார்கள். ஈரல் சுருங்கியவருக்குப் புரதம் அதிகம் வேண்டும், எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டுப் படுக்கணும், இல்லாவிட்டால் உடம்பு தன் சதையையே தின்னும். தோள் கரைந்தது என்றாயே, அது இதுதான். உப்பைத்தான் குறைக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு.

பொள்ளாச்சி லேப்காரி எழுதியது:

பொண்ணு, அப்பாவுக்கு முன்பு எப்போதாவது ரத்தப் பரிசோதனை எடுத்த காகிதம் இருக்கிறதா? இருந்தால் நான்கு எண் பார்: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட். இதை வைத்து ஈரலில் தழும்பு எவ்வளவு என்று ஒரு குத்துமதிப்புப் போடலாம், ஃபிப்-4 என்று பெயர். அவிநாசித் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கணும். தம்பிக்கு 43ஐ 48ஆல் பெருக்கினால் 2064. எஸ்.ஜி.பி.டி. 81க்கு வர்க்கமூலம் 9. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுக்கணும், 2.1 லட்சம் என்றால் 210. இரண்டையும் பெருக்கினால் 1890. 2064ஐ 1890ஆல் வகுத்தால் 1.09. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேல் போனால் ஈரல் மருத்துவரைப் பார்க்கணும். நடுவில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன். அது வலிக்காது, விலாவில் ஒரு தட்டுத் தட்டி ஈரல் எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடும், 8க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது, 65க்கு மேல் கீழ்வரம்பை 2 என்று வைத்துக்கொள்ளணும்.

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது திரும்பக்கூடிய கட்டம். எடையில் 7 சதவீதம் இறங்கினாலே ஈரல் வீக்கம் தணியும், 10 இறங்கினால் தழும்புகூடக் கரைய வாய்ப்பு உண்டு. 78க்கு ஐந்தரைக் கிலோ. ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து இறக்காதீங்க, அதுவும் ஈரலுக்கு ஆகாது.

சென்னிமலைத் தறி எழுதியது:

நேற்று ராத்திரி பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன், 54 வயதில், காய்ச்சல் என்று எடுத்த பரிசோதனை. எஸ்.ஜி.ஓ.டி. 58. எஸ்.ஜி.பி.டி. 36. பிளேட்லெட் 1.1 லட்சம்.

பிளேட்லெட் குறைவு என்று டெங்கு பயத்தில் பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. காய்ச்சல் போனது, நாங்களும் மறந்துவிட்டோம்.

54ஐ 58ஆல் பெருக்கி, 110ஐ 6ஆல் பெருக்கி, வகுத்துப் பார்த்தேன். 4.7. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

பொள்ளாச்சி லேப்காரி எழுதியது:

எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்றுதான் அந்தக் காகிதத்தில் இருந்திருக்கும். அது ஈரல் செல்லிலிருந்து ரத்தத்தில் கசிகிற நொதி. ஈரல் இறுகிய பிறகு பல நேரம் நார்மலாகவே வரும், கசிவதற்குச் செல் மிச்சமிருந்தால்தானே. மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். காய்ச்சல் நேரத்தில் எடுத்ததை வைத்து முடிவு கட்ட முடியாது, டெங்குவிலும் இதே மாதிரி ஆகும். காய்ச்சல் போன பிறகு ஒரு தடவை திரும்ப எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் லேபிலும் அப்படி எத்தனையோ காகிதத்தை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை. போன வருஷத்திலிருந்து பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே வந்தால் ‘காய்ச்சல் விட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி’ என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

உனக்கும் அண்ணன் தம்பிக்கும் ஹெபடைடிஸ் பி பார்த்தாச்சா? குடியோடு அந்தக் கிருமியும் இருந்தால் ஈரல் சீக்கிரம் போகும், ஒரே வீட்டில் தொற்றும் வாய்ப்பும் உண்டு. அப்பா சேவிங் பிளேடைத் தம்பி எடுத்தானா, திருவிழாவில் பச்சை குத்தினானா என்றெல்லாம் யோசித்துப் பாருங்க. இல்லை என்று வந்தால் தடுப்பூசி, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று. ஹெபடைடிஸ் சி இருந்தால் இப்போது பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் போய்விடுகிறது. அரசுத் திட்டத்தில் இலவசம், 2018இலிருந்து.

தென்னந்தோப்பு எழுதியது:

சென்னிமலை அம்மணி, படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சொம்பு முக்கால் லிட்டர் பிடிக்கும்.

கவுந்தப்பாடி மாப்ள எழுதியது:

சிஸ்டர், உடம்பு வலிக்கு மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ வாங்கிப் போடுகிறோமே, தறிக்காரர் எல்லோரும். அது ஈரலுக்கு?

வார்டு சிஸ்டர் எழுதியது:

என்ன மாத்திரை என்று பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்காதீங்க. பாராசிட்டமால் நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 650 என்றால் ஆறு மாத்திரையோடு முடிந்தது, குடிக்கிறவருக்கு அதில் பாதி. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கணக்கைத் தாண்டிவிடுவார்கள். இன்னொன்று, பூஞ்சை பிடித்த கடலையையும் கொப்பரையையும் ‘எண்ணெய்க்குத்தானே’ என்று செக்கில் போடாதீங்க. அந்தப் பூஞ்சையின் நச்சு ஈரலில் புற்றுநோயே வரவைக்கும், செக்கெண்ணெயில் அது தங்கிவிடும்.

அவிநாசி வாசி எழுதியது (ஐந்து மாதம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கமுங்க. எடை 72.4. இடுப்பு 91. எஸ்.ஜி.பி.டி. 44. சர்க்கரை 5.7.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டீ இரண்டாக்கினேன், சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது சர்க்கரை போட்ட டீ வாயில் ஒட்டுகிறது. பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை (சொத்தை இல்லாமல் பொறுக்கித்தான்). ராத்திரி எட்டு மணிக்குள் கொள்ளுப் பருப்பு, காய், ஒரு கரண்டிச் சாதம். கம்பெனியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடை, 40 நிமிஷம். பேக்கரிக் கூட்டாளிகள்தான் கோபித்துக்கொண்டார்கள், இப்போது அவர்களில் இரண்டு பேர் கூட நடக்கிறார்கள். பால் சேர்க்காத காபி ஈரலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார், அது மட்டும் இன்னும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

வீட்டில் சட்டை மோந்து பார்ப்பது நின்றுவிட்டது.

மொட்டை மாடி மச்சானிடம் இந்த விவாதத்தைப் படித்துக் காட்டினேன், சென்னிமலைப் பொண்ணு எழுதினது வரைக்கும். இரண்டு நாள் பேசவில்லை. நேற்று அவரே போன் செய்து, ‘சனிக்கிழமை ஸ்கேனுக்கு வர்றேன் மாப்ள, வெறும் வயித்துலயா வரோணும்?’ என்றார். லேப்காரி அக்கா, எத்தனை மணி நேரமுங்க?

பொள்ளாச்சி லேப்காரி எழுதியது:

ஆறு மணி நேரம் போதும். தண்ணீர் குடிக்கலாம். எந்தத் தண்ணீர் என்று மச்சானுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்க.